பந்தல் பிரித்த மறுநாள்: துக்கத்துக்குப் பிறகு மனுஷர்களிடம் திரும்புவது எப்படி

கருமாதி முடிகிற வரை வீட்டில் ஆள் இருக்கும். வாசலில் சாமியானா, அடுக்கி வைத்த வாடகை நாற்காலி, பக்கத்து வீட்டிலிருந்து வரும் காபி, திண்ணையில் போன் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு சித்தப்பா. பதினாறாம் நாள் சாப்பாடு போட்டு, பந்தல்காரர் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போன மறுநாள் காலையில்தான் வீடு நிஜமாகக் காலியாகிறது. அந்தக் காலையிலிருந்து என்ன செய்வது என்பதுதான் இங்கே விஷயம். கணவனையோ மனைவியையோ, பெற்றவரையோ பிள்ளையையோ இழந்து கடலூரிலும் புதுச்சேரியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் தனியாக இருப்பவர்களுக்காக எழுதியது.

"மனசு கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் வெளியே போறேன்" என்றுதான் பலரும் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. கால் முதலில் போக வேண்டும், மனசு பின்னால் மெதுவாக வந்து சேரும். அதனால் கீழே சொல்பவை எல்லாம் மனசே இல்லாத நாளிலும் செய்ய முடிகிற அளவுக்குச் சின்ன வேலைகள்.

துக்கத்துக்கு ஐந்து படி உண்டு, ஒவ்வொன்றாக ஏறிக் கடக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 1969இல் வந்த அந்தப் பட்டியல், சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்த நோயாளிகளிடம் பேசியதிலிருந்து பிறந்தது. வீட்டில் மிஞ்சியவர்களுக்கான கால அட்டவணை இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சொன்ன விளக்கம் நம் வீடுகளில் பார்ப்பதோடு நன்றாக ஒத்துப்போகிறது. துக்கப்படுபவர் ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வருகிறார். ஒரு பொழுது போனவரின் நினைப்பு, மறு பொழுது ரேஷன் கார்டு, கேஸ் புக்கிங், வாரிசுச் சான்று. காலையில் அழுதுவிட்டு மத்தியானம் பேத்தி பேச்சுக்குச் சிரித்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஊஞ்சல் சரியாக ஆடுகிறது என்று அர்த்தம். ஒரே பக்கம் போய் நின்றுவிட்டால்தான் கவலை.

முதல் நாற்பது நாள்: சோறு, தூக்கம், மாத்திரை

இரண்டு பேருக்குப் பொங்கிப் பழகிய கை, இரண்டு பேருக்கே அளந்து போடும். மிஞ்சின சோற்றைப் பார்த்ததும் தொண்டை அடைக்கும். ஒரு வாரத்தில் சமையலே நின்று பன்னும் டீயுமாகப் போகும். அளவுச் சொம்பை மாற்றிவிடுங்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி போதும். வாழ்நாளில் அடுப்பங்கரைப் பக்கம் வராத ஆண்களுக்கு இதைவிட எளிது கஞ்சி: அரை ஆழாக்கு நொய், ஒரு பிடி பாசிப்பருப்பு, நாலு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு ஆறு பங்கு தண்ணீர், சின்ன குக்கரில் அஞ்சு விசில். உப்பு கடைசியில். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் விசில் வழியாகப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும், அதைத் துடைக்கும்போது வருகிற ஆத்திரத்தில் மறுநாள் சமைக்கத் தோன்றாது.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுத்து வைத்துக் கொடுத்தது போனவராக இருந்தால், மாத்திரை விட்டுப்போவது முதல் மாதத்திலேயே நடக்கும். ஏழு குழி உள்ள மாத்திரை டப்பா மெடிக்கலில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை நிரப்பி வையுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். "துக்கத்தில் மயங்கி விழுந்துட்டாங்க" என்று ஊர் சொல்வதில் சில இந்த வகைதான்.

தூக்கம் வராதது சகஜம். படுத்து இருபது நிமிஷம் ஆகியும் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே மணிக்கு எழுந்திருங்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். இங்கே புதுச்சேரிக்காரர்களுக்கும், சரக்கு வாங்க ரெட்டிச்சாவடி தாண்டிப் போய்வரும் கடலூர்க்காரர்களுக்கும் தனியாக ஒன்று. "ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் தூக்கம் வருது" என்பது மூன்றே மாதத்தில் பழக்கமாகும். சாராயம் படுத்ததும் தூங்க வைக்கும், நடுராத்திரி மூன்று மணிக்கு எழுப்பிவிடும். அந்த மூன்று மணிதான் இருபத்து நாலு மணி நேரத்தில் மிக மோசமானது.

பால் பூத்திலிருந்து தொடங்குங்கள்

வீட்டுக்கு வந்து பால் போடுவதை நிறுத்திவிடுங்கள். கடலூரில் ஆவின், புதுச்சேரியில் பாண்லே, எந்த பூத்தாக இருந்தாலும் நீங்களே நடந்து போய் வாங்குங்கள். தினமும் ஒரே நேரம், பத்து நிமிஷம் முன்பின் இருக்கலாம். அரை லிட்டர் ஒரு பாக்கெட். இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கிவிட்டால் இந்த ஏற்பாடே வீண், அதனால் வாங்காதீர்கள்.

ஒரே நேரம் எதற்கு என்றால், அந்த நேரத்துக்கு வருகிறவர்களும் ஒரே ஆட்கள். முதல் வாரம் யாரிடமும் பேச வேண்டியதில்லை. இரண்டாம் வாரம் தலையசைப்பு. மூன்றாம் வாரம் ஒரு வாக்கியம், கேள்வியாக இருந்தால் நல்லது: "இன்னைக்கு வண்டி லேட்டா?" அவ்வளவுதான். நான்காம் வாரத்தில் ஒருநாள் நீங்கள் போகாவிட்டால், மறுநாள் "நேத்து காணோமே?" என்று ஒருவர் கேட்பார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை நாள் நடை. வெளிநாட்டிலிருந்து மகன் வாரம் ஒருமுறை பேசுவதால் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது. நீங்கள் இல்லாதது ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது.

வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படம் அனுப்புவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாற்பது பேருக்கு அனுப்பி நாற்பது பேரும் திருப்பி அனுப்பினாலும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஓர் இடம்

பூத் பழகிய பிறகு அடுத்த படி. வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு மணி நேரம், ஒரே இடம். அதற்கு மேல் வேண்டாம். ஆரம்ப வேகத்தில் யோகா, பஜனை, நடைக்குழு என்று மூன்றில் சேர்ந்தவர்கள் மூன்றாம் வாரத்தில் மூன்றையும் விட்டுவிடுவார்கள். விட்ட பிறகு அந்தத் தெரு வழியாகப் போகவே கூச்சமாகிவிடும்.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018இல் ஒரு கணக்குச் சொன்னது. தெரிந்த முகம் ஒருவர் ஓரளவு நண்பராக மாற சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும், நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல். அந்த ஊர்க் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம், ஆனால் வகுத்துப் பாருங்கள். வாரம் இரண்டு மணி என்றால் 50 மணிக்கு 25 வாரம், ஆறு மாதம். "ஒரு மாசம் போய்ப் பார்த்தேன், யாரும் ஒட்டல" என்பவர் எட்டு மணி நேரம்தான் போயிருக்கிறார். இட்லி மாவைக் கரைத்து வைத்து அரை மணியில் மூடியைத் திறந்து பார்க்கிற கதை.

எந்த இடம்? புதுச்சேரியில் கடற்கரைச் சாலை மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடியிருக்கும். காலை ஆறு மணி நடைக்கு அதைவிடத் தோதான இடமில்லை. முழங்கால் வலிக்காரர்கள் பாரதி பூங்கா பெஞ்சுக்கும், மரங்களைப் பார்க்கப் பிடித்தவர்கள் 1826இல் போட்ட தாவரவியல் பூங்காவுக்கும் போகலாம். படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம். செய்தித்தாள் மேசையில் பேசாமலே ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கலாம், பேச்சு வராத நாட்களுக்கு அது பெரிய சௌகரியம். கடலூரில் வெள்ளி கடற்கரை, மஞ்சக்குப்பம் மைதானம், மாவட்ட மைய நூலகம், உழவர் சந்தை. தமிழ்நாட்டு நூலகங்களில் வாசகர் வட்டம் உண்டு, அடுத்த கூட்டம் எப்போது என்று நூலகரிடம் கேளுங்கள். கிராமத்துப் பெண்களுக்கு மகளிர் சுய உதவிக் குழுவே நல்ல இடம். கூட்ட நாள் குறித்திருக்கும், வேலை இருக்கும், வராவிட்டால் ஆள் விட்டுக் கேட்பார்கள்.

டூர் வேன் ஏறி ஒன்பது கோயில் பார்த்து வருவதைப் பலர் மருந்தாகச் சொல்வார்கள். போகிற மூன்று நாள் நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வந்து பூட்டைத் திறக்கிற ராத்திரி, போவதற்கு முந்தின ராத்திரிகளைவிட மோசமாக இருக்கும். முதல் ஆறு மாதத்துக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

முகம் திருப்பினார்களா, வெயில் கண்ணில் பட்டதா

தனிமை நாட்பட்டால் புத்தியில் ஒரு வேலை செய்யும். எதிரே வருபவர் முகத்தைக் கெட்ட அர்த்தத்தில் படிக்க வைக்கும். சாலையில் பார்த்தும் பேசாமல் போன எதிர்வீட்டு அக்கா, "எங்கே நான் குறுக்கே வந்துட்டேன்னு நினைச்சிருப்பா" என்று ஆகிவிடுவார். தாலி இழந்த பெண்களுக்கு இந்தச் சந்தேகம் காரணமில்லாமல் வரவில்லை. நல்ல காரியத்துக்கு முன்வரிசையில் நிற்கவிடாத வழக்கம் இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. ஆனாலும் எல்லாப் பார்வையும் அது இல்லை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. ஒரு நோட்டில் நடந்ததை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்: "அக்கா என்னைப் பார்க்காமல் போனார்." அதன் கீழே வேறு இரண்டு காரணம் எழுதுங்கள், நம்பாவிட்டாலும் பரவாயில்லை. பஸ்ஸுக்கு அவசரம். கண்ணாடி போடவில்லை. மறுநாள் நீங்களே முந்திக்கொண்டு, "என்னக்கா, நேத்து அவசரமாப் போனீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் சாதாரணமாகத்தான் இருக்கும். துக்க வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கியவர்களும் நிறைய. அவர்களுக்கு நீங்கள்தான் முதல் வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அநியாயம்தான், ஆனால் வேலை செய்கிறது.

உதவி கேட்கும்போது மூன்று விஷயம் இருக்கட்டும்: என்ன வேலை, எப்போது, எப்போது முடியும். "அண்ணி, வியாழக்கிழமை பத்து மணிக்கு பேங்க் போகணும், கூட வர முடியுமா? பதினொன்றரைக்குள்ள திரும்பிடலாம்." இதற்கு ஆம் சொல்வது சுலபம். "எனக்கு யாருமே இல்லை அண்ணி" என்பதற்கு யார் என்ன பதில் சொல்வார்கள்? சொந்தக்காரர்களுக்கும் இதுவே. "எது வேணும்னாலும் கேளுங்க" என்றால் யாரும் கேட்பதில்லை. "செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மாவு அரைச்சுக் கொண்டு வர்றேன்" என்று சொல்லுங்கள், வாருங்கள், போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைத் தவிர்த்தால் அழ மாட்டார்கள் என்பது தப்புக் கணக்கு.

பிரான்சில் பிள்ளைகள் உள்ள புதுச்சேரி வீடுகள் நிறைய. "அப்புறம் பேசறேன்மா" என்பதற்குப் பதில் நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஞாயிறு மத்தியானம் 12 என்றால் கோடைக்கணக்கில் இங்கே 3.30, குளிர்கால நேரத்தில் 4.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் நேரம் மாறும் என்பதை காலண்டரில் குறித்து வைக்காவிட்டால், அந்த ஒரு மணி நேரம் போன் வராமல் மனசு எங்கெல்லாமோ போகும்.

கைக்கு ஒரு வேலை

இரண்டு மூன்று மாதம் போனதும் அடுத்தவருக்கு ஏதாவது செய்கிற வேலை ஒன்றைச் சேர்க்கலாம். இதற்கு இந்த மண்ணிலேயே பழைய முன்மாதிரி உண்டு. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்த திலகவதியார், மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்ததும் உயிரை விடத் துணிந்து, தம்பிக்காக உயிரோடு இருந்தவர். பின்னால் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூமாலை கட்டினார். தினம் செய்கிற, கையால் செய்கிற, செய்து முடித்தால் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். அந்தத் தம்பி அப்பர் கையில் உழவாரம் ஏந்தினார். அவர் கல்லோடு மிதந்து கரையேறியதாகச் சொல்லும் ஊர் நம் திருப்பாதிரிப்புலியூர். சிவன் கோயில்களில் உழவாரப் பணிக் குழுக்கள் இன்றும் புல் செதுக்குகின்றன. பாடலீஸ்வரர் கோயிலிலோ பக்கத்துக் கோயிலிலோ விசாரியுங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், பழைய வேட்டி அல்லது சுடிதார். பிரஷர் உள்ளவர்கள் குனிந்து செதுக்க வேண்டாம், குப்பை அள்ளுகிற பக்கம் நிற்கலாம்.

கோயில் பழக்கம் இல்லாதவர்களுக்கு வடலூர் தருமச்சாலை. வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, சாதி மதம் கேட்காமல் சோறு. கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழி பஸ். முதல் முறை போகும்போது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மட்டும் வாருங்கள். வீட்டில் தனியாகச் சோறு இறங்காதவருக்கு வரிசையில் உட்கார்ந்தால் இறங்குகிறது.

சேவை என்று போய் உடனே பொருளாளர் பொறுப்பு, காசு கணக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். துக்கத்தில் கவனம் சிதறும். கணக்கு உதைத்தால் பேர் கெடும், அத்தோடு அந்த இடமும் போச்சு.

போனவரின் சட்டை, போனவரின் போன்

துணிமணியை எப்போது எடுப்பது என்பதற்குக் கெடு எதுவும் கிடையாது. ஊர்ப்பேச்சுக்காகப் பதினாறாம் நாளே மூட்டை கட்டி அனுப்பியவர்கள் பின்னால் ஒரு சட்டைக்காக ஏங்குவதுண்டு. எடுக்கும்போது மூன்று குவியல்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, இன்னும் தெரியாதது. மூன்றாவது பெரிதாக இருந்தால் தப்பில்லை. கட்டிப் பரண்மேல் போட்டு, மேலே தேதி எழுதி, ஆறு மாதம் கழித்துத் திறங்கள். ஒரு தடவைக்கு ஒரு அலமாரி, ஒரு மணி நேரம், பக்கத்தில் ஒரு ஆள்.

போன் விஷயத்தில் மட்டும் அவசரம் உண்டு. ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் 90 நாள் கிடந்தால் ப்ரீபெய்டு எண் போய்விடலாம், பிறகு வேறு யாருக்காவது ஒதுக்கப்படும். வாட்ஸ்அப் 120 நாள் திறக்காத கணக்கை நீக்கிவிடும். அவர் குரலில் இருக்கிற வாய்ஸ் மெசேஜ்களை முதல் மாதத்திலேயே உங்கள் போனுக்கும் ஒரு பென்டிரைவுக்கும் மாற்றி வையுங்கள். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்ற ஏழு செகண்ட் மெசேஜுக்கு எந்தக் கல்யாண ஆல்பமும் ஈடாகாது. பேங்க், கேஸ், பென்ஷன் எல்லாம் அந்த எண்ணோடு இணைந்திருக்கும் என்பதால் அவை மாறும் வரை குறைந்த ரீசார்ஜில் எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

முதல் வருஷம் வீட்டை விற்காதீர்கள், சென்னைக்கு மகள் வீட்டோடு போய்விடாதீர்கள், யாருக்கும் பெரிய தொகை கைமாற்றுக் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் பணம் வந்த வாசனைக்கு வருகிற தூரத்து உறவுக்கு "வருஷம் திரும்பட்டும், பார்க்கலாம்" என்ற பதில் போதும். போனில் அன்பாகப் பழகி ஓடிபி கேட்பவர்களுக்கும் தனியாக இருப்பவர்தான் குறி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு நீடித்த துக்கத்தைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், அன்றாட வேலையே நின்றுபோயிருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். "பைத்தியக்கார டாக்டர்" என்று சொந்தத்தில் யாராவது இழுத்தால், "தூக்கத்துக்குக் காட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுங்கள்.

ஆறு மாதம் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. நாள் கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, செத்தவரோடு போய்விடலாம் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வருவது, பொருள்களைப் பிரித்துக் கொடுத்துக் கணக்கு முடிப்பது. அப்போது அன்றைக்கே டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள். இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் கவனித்தால் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து, எலி பேஸ்ட், மிச்ச மாத்திரை எல்லாவற்றையும் வீட்டைவிட்டு எடுத்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 112.

காலண்டரில் முன்கூட்டியே குறிக்க வேண்டியவை

முதல் வருஷத்தில் சில நாட்கள் சொல்லாமல் வந்து அடிக்கும். கல்யாண நாள், பிறந்த நாள், முதல் தீபாவளி, முதல் பொங்கல், தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகள். கிறிஸ்தவ வீடுகளில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முஸ்லிம் வீடுகளில் கணவர் இறந்தபின் இத்தா இருக்கும் பெண்களுக்கு நாலு மாதம் பத்து நாள் வெளியே போவது குறைவு என்பதால், பால் பூத்துக்குப் பதில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நாள் குறியுங்கள்: திங்கள் நாத்தனார், வியாழன் பக்கத்து வீட்டு அம்மா, என்கிற மாதிரி.

இந்தக் கரையில் டிசம்பர் 26ம் உண்டு. 2004 சுனாமியில் ஆட்களை இழந்த தேவனாம்பட்டினத்திலும் மற்ற மீனவ ஊர்களிலும் வருஷாவருஷம் அன்று சேர்ந்து கடலுக்குப் போகிறார்கள், பூவும் பாலும் விடுகிறார்கள், சேர்ந்தே அழுகிறார்கள். நாள் குறித்து, இடம் குறித்து, கூட்டமாக அழுவது தனியே மூன்று மணிக்கு அழுவதைவிடத் தாங்கக்கூடியது. உங்கள் வீட்டு நாளுக்கும் அப்படியே செய்யுங்கள். ஒரு வாரம் முன்னால் இரண்டு பேரை அழையுங்கள். அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையுங்கள், அன்று மட்டும் அளவுச் சொம்பைப் பழையபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

தெவசம் முடிந்த மறுநாளைக்கும் ஏதாவது எழுதி வையுங்கள். படையல் பாத்திரம் திருப்பிக் கொடுப்பது, நூலகப் புத்தகம் மாற்றுவது, எது வேண்டுமானாலும். பால் வாங்கப் போகிறபோது மிச்ச வடை நாலை ஒரு தூக்கில் போட்டு எடுத்துப்போய் பூத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். "என்ன விசேஷம்?" என்று கேட்பார். சொல்லுங்கள்.